வெக்கை தெரியாதவர்கள்

எனக்குக் கோபம் வரும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதவிலக்கு நிற்கிற வயதில் எல்லாருக்கும் வருவதுதான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அதைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் வரும். ஆனால் இங்கே எழுதப்போகிற கோபம் அந்த வகையைச் சேர்ந்தது இல்லை. ஹார்மோன் ஏறினாலும் இறங்கினாலும் இது அப்படியேதான் இருக்கும்.

என் பெயர் லில்லிபுஷ்பம். தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டிய பெரிய உப்பளம் ஒன்றில் நர்ஸ். ஏ.சி. வைத்த ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு பீரோ நிறைய மருந்து, சுவரில் ஒரு திரை. இவ்வளவுதான் என் ஆஸ்பத்திரி. அறைக்கு வெளியே கண் கூசும் வெள்ளை, அடிவானம் வரைக்கும் பாத்திகள்.

வருடா வருடம் வெயில் ஏறிக்கொண்டே போய், சித்திரையில் நாற்பத்தாறு டிகிரி என்பது செய்தியாகக்கூட வராத காலம் இது. நாற்பதைத் தாண்டினால் திறந்த வெளியில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்டது. நல்ல சட்டம். ஆனால் உப்பு விளைவதும் அந்த வெயிலில்தான். இரண்டு கோடை அளம் பாதி வேலையில் நின்றது. மூன்றாவது கோடையில் அந்த மருந்து வந்தது.

மூக்கில் அடிக்கிற மருந்து. காலையில் ஒரு தடவை, பதினோரு மணிக்கு ஒரு தடவை. அடித்துக்கொள்பவர்களுக்கு வெப்பத் தகுதி அட்டை என்று ஒன்று கொடுத்தார்கள். அட்டை இருந்தால் நாற்பத்தைந்து டிகிரியிலும் பாத்தியில் இறங்கலாம், சட்டம் ஒன்றும் சொல்லாது. இதில் ஒரு வேடிக்கை, மாதவிலக்கு நின்றுபோன பெண்களுக்கு மட்டும்தான் அந்த மருந்து வேலை செய்யும்.

அதுவரை அளத்தில் ஐம்பதைத் தாண்டிய பெண் என்றால் கங்காணிக்கு இளக்காரம். “போதும் ஆத்தா, வீட்ல கெட” என்று அனுப்பிவிடுவார். இப்போது அவர்களைத் தேடி வேன் போனது. வாலிபப் பையன்கள் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஐம்பத்தைந்து வயதுக்காரிகள் உள்ளே போனார்கள். நாற்பது வயதுக்காரி ஒருத்தி என்னிடம் வந்து, மூன்று வருடமாகத் தீட்டே இல்லை என்று சூடம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தாள். பரிசோதித்தால் ஐந்து மாதக் கர்ப்பம். திட்டித்தான் திருப்பி அனுப்பினேன். அவளை என்ன செய்ய, வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

மருந்தைப் பற்றி விளக்க, அதைத் தயாரிக்கிற கம்பெனியின் டாக்டர் வினோதினி சென்னையிலிருந்து வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல பெண், அதை இப்போதும் சொல்வேன். நாற்பத்திரண்டு பெண்களைத் தரையில் உட்காரவைத்துத் தானும் தரையில் உட்கார்ந்தாள்.

“உங்க மூளைக்கு அடியில ஒரு சின்ன இடம் இருக்கும்மா. மாசாமாசம் சினைப்பையை எழுப்பி விடறது அங்க இருக்கிற செல்களோட வேலை. சினைப்பை பதிலுக்கு ஒரு ஹார்மோன் அனுப்பும். சரி, கேட்டாச்சு, போதும்னு சொல்ற மாதிரி. வயசானதும் சினைப்பை வேலையை முடிச்சுக்கும். பதில் வராது. மூளைக்கு அது புரியறதில்லை. இன்னும் சத்தமா, இன்னும் சத்தமா கூப்பிட்டுட்டே இருக்கும். கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தச் செல்லெல்லாம் வீங்கியே போயிடும்.”

“ஆளில்லாத வீட்டுக் கதவத் தட்டிக்கிட்டே நிக்குன்னு சொல்லுங்க” என்றாள் முன்வரிசையில் இருந்த பேச்சித்தாய். ஐம்பத்து மூன்று வயது, முப்பத்தைந்து வருடம் உப்பு வாரிய கை. அவளுக்குப் பக்கத்தில் அவளுடைய நாத்தனார் சந்தனமாரி. இருவரும் எங்கே போனாலும் சேர்ந்துதான் போவார்கள்.

“அதேதாம்மா. அந்தச் சத்தம் பக்கத்துலயே, உடம்புச் சூட்டைக் கவனிக்கிற இடத்துக்கும் போகுது. அது ஏமாந்துபோய், உடம்பு கொதிக்குதுன்னு நினைச்சு வியர்வையைக் கொட்டுது. திடீர்னு குப்புன்னு எரிஞ்சு நனைஞ்சு போறீங்கல்ல, அது இதனாலதான். இந்த மருந்து அந்தச் செல்களோட வாயை அடைக்கும். சூட்டைக் கவனிக்கிற இடமும் சேர்ந்து அமைதியாயிடும். வீங்கின செல்லுலதான் மருந்து ஒட்டும். அதனாலதான் சின்னப் பொண்ணுங்களுக்குக் கொடுத்தா பலன் இல்லை.”

“அப்ப எங்களுக்கு வெக்கையே தெரியாதா?”

“தெரியாது.”

பேச்சித்தாய் விடவில்லை. “தெரியாதுன்னா, இல்லாமப் போயிருமா?”

டாக்டர் அவளை மரியாதையோடு பார்த்தாள். “இருக்கும்மா. அதனாலதான் தண்ணி. ஆளுக்கு நாலு லிட்டர், கட்டாயம். நாங்களே பாட்டில் தர்றோம், நல்ல தண்ணியும் தர்றோம். பாட்டில்ல எவ்வளவு குறையுதுன்னு சிஸ்டரோட திரையில தெரியும். குடிக்காம ஏமாத்த முடியாது.”

“கூலி குடுத்து, தண்ணியும் குடுத்து, அதக் குடிச்சாச்சான்னு பாக்க ஆளும் போட்டிருக்காக” என்றாள் பேச்சித்தாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இங்கே என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எனக்கு அப்போது ஐம்பத்தொன்று. இரண்டு வருடமாக ஒரு முழுத் தூக்கம் கிடையாது. நெஞ்சிலிருந்து தீ கிளம்பி முகத்துக்கு ஏறும், நைட்டி பிழிகிற அளவு நனையும், பிறகு குளிரும். கோயிலில் பிரசங்கத்தின் நடுவில் வரும், மீன் மார்க்கெட்டில் பேரம் பேசும்போது வரும். யாரிடம் சொன்னாலும் எல்லாருக்கும் வர்றதுதானே என்பார்கள். மிச்சம் வந்த குப்பி ஒன்றை எடுத்து நானும் அடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் எட்டு மணி நேரம் தூங்கினேன். எழுந்து உட்கார்ந்து அழுதேன். இதைக் கண்டுபிடித்தவன் காலில் விழலாம் என்று தோன்றியது.

அதனால் தயங்கியவர்களிடம் எல்லாம் நானே போய்ச் சொன்னேன். “ஏட்டி, நானே போடுதேன். எனக்கு என்ன ஆச்சு? பாரு, நல்லாத்தான இருக்கேன்.” அதுதான் நான் செய்த முதல் தவறு. ஏன் தவறு என்று அன்றைக்குத் தெரியாது.

வேலை நன்றாக ஓடியது. பெண்கள் நடு மத்தியானத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு உப்பு வாரினார்கள். என் திரையில் நாற்பத்திரண்டு பெயர்களும் பச்சையாகவே இருந்தன. ஆளுக்கு நாலு லிட்டர், சிலருக்கு நாலரை. கம்பெனிக்காரர்கள் வந்து படம் எடுத்துப் போனார்கள்.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்குச் சந்தனமாரி போன் செய்தாள்.

“சிஸ்டர், எங்க மயினி ஒரு மாதிரிப் பேசுதா. வெரசா வாங்க.”

பைக்கில் போய் இறங்கினேன். பேச்சித்தாய் வாருபலகையோடு நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து கரையில் வாரிக் குவித்த உப்பைத் திரும்பப் பாத்திக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். கையைத் தொட்டேன், சுட்டது. ஒரு பொட்டு வியர்வை இல்லை.

“பேச்சியக்கா, என்ன செய்யுது?”

“ஒண்ணும் செய்யலையே சிஸ்டர். நல்லாத்தான இருக்கேன்” என்று சொல்லிவிட்டு, அப்படியே முகம் குப்புற உப்புத் தண்ணீரில் விழுந்தாள்.

உடம்புச் சூடு நூற்று ஏழைத் தொட்டிருந்தது. ரோட்டில் போன மீன் வண்டியை நிறுத்தி, பெட்டிப் பெட்டியாக ஐஸை அவள் மேல் கொட்டி, அதே வண்டியில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் தங்கிவிட்டது. இரண்டு கிட்னியும் நின்றுபோயின.

மறுநாளே டாக்டர் வினோதினி விமானத்தில் வந்துவிட்டாள். என் அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த நாளின் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

“சிஸ்டர், மூணு லிட்டர் தொள்ளாயிரம் மில்லி குடிச்சிருக்காங்க. இவ்வளவு தண்ணி உள்ள போன உடம்புல இப்படி ஆகவே ஆகாது. ஒரே வழிதான் இருக்கு. மருந்தைக் கூடுதலா அடிச்சிருக்கணும்.”

“எதுக்கு அடிக்கணும்?”

“தெரியலை. ஆனா எனக்கு மேல இருக்கிறவங்க அப்படித்தான் எழுதச் சொல்றாங்க. முறைகேடான பயன்பாடு. வெள்ளிக்கிழமைக்குள்ள அறிக்கை போகணும்.”

“அப்படி எழுதினா?”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சிகிச்சைப் பொறுப்பு கம்பெனிக்கு இருக்காது.”

அதாவது பேச்சித்தாய்க்கு ஓடிக்கொண்டிருக்கிற டயாலிசிஸ் வெள்ளிக்கிழமையோடு நிற்கும். நான் அதற்கு மேல் அங்கே உட்காரவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டுக்கு வெளியே வராண்டாவில் சந்தனமாரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கால் முழுக்க உப்பு அரித்த புண்.

“மாரி, உண்மையச் சொல்லு. உங்க மயினி மருந்தக் கூட அடிச்சாளா?”

“இல்ல சிஸ்டர். எம் பிள்ளை மேல ஆணையாச் சொல்லுதேன்.”

“நாலு லிட்டர் குடிச்ச ஒருத்திக்குக் கிட்னி எப்படிம்மா இப்படிக் காயும்?”

மாரி என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள். “யாரு குடிச்சா?”

“பாட்டில் காலியாச்சே.”

“பாட்டில் காலியாச்சு. அது நெசந்தான்.” காலை மடக்கிக்கொண்டாள். “சிஸ்டர், இந்தக் கால் புண்ணுல உப்புத் தண்ணி ஏறினா உசுரு போவும். நல்ல தண்ணிய ஊத்திக் கழுவினாத்தான் அடுத்த பாத்தியில எறங்க முடியும். கண்ணுலயும் அடிச்சுக்கிடுவோம். மிச்சத்தக் கேனுல ஊத்தி வீட்டுக்குக் கொண்டுபோயிருவோம். எங்க தெருவுல எட்டு நாளைக்கு ஒருக்காத்தான தண்ணி வருது. இப்படிக் கல்கண்டு கணக்கா ஒரு தண்ணி கெடைச்சா விடுவோமா?”

“எல்லாருமா?”

“எல்லாருந்தான்.”

“ஒரு மடக்குக்கூடக் குடிக்கலையா? ஏன்டி?”

அவள் சிரித்தாள். நான் குழந்தைத்தனமாக ஏதோ கேட்டுவிட்டது போல. “குடிச்சா எங்கன போய் ஒதுங்க? அளத்துல ஒரு செடி உண்டா, ஒரு மறைப்பு உண்டா? இங்க குத்தவச்சா ரெண்டு மைலுக்கு அங்கன நிக்க லாரிக்காரனுக்குத் தெரியும். கக்கூஸு ஆபீசுல இருக்கு. போய்ட்டு வர ஒரு மணி நேரம், கங்காணி பாதி நாளு கூலியப் புடிப்பாரு. கலியாணமாகி வந்த நாள்ல இருந்து அளத்துக்குள்ள நாங்க வயிறாரத் தண்ணி குடிச்சதில்ல.”

என் அறையை ஒட்டி ஒரு கக்கூஸ் இருக்கிறது. ஒரு நாளில் ஐந்தாறு தடவை போவேன். நான் மருந்து போட்டும் நன்றாக இருந்ததற்குக் காரணம் மருந்து இல்லை. ஏ.சி., அதற்கும் மேலே அந்தக் கக்கூஸ். அதை வைத்துக்கொண்டுதான் இவர்களிடம் போய், எனக்கு என்ன ஆச்சு, பாரு என்று சொல்லியிருக்கிறேன். இவர்கள் காலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதை எத்தனை தடவை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட அது எந்தத் தண்ணீர் என்று கேட்கத் தோன்றவில்லை. என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

மாரி பேசிக்கொண்டே போனாள். “முன்னாடியாவது வாய் ஒட்டிக்கிடும், தலை கிறுகிறுங்கும், சவத்த என்ன ஆனாலும் சரின்னு ரெண்டு மடக்கு குடிச்சிட்டு ஒக்காருவோம். இந்த மருந்து வந்த பெறவு தாகமே இல்ல. வெக்கை தெரியலங்கறதுகூடப் பெருசில்ல சிஸ்டர். தண்ணி கேக்க மாட்டேங்கு பாருங்க, அதான் எங்களுக்குச் சொகம். காலையில ஏழு மணிக்கு எறங்கினா நாலு மணி வரைக்கும் ஒரு தொந்தரவு கெடையாது. மயினி சொல்லுவா, இத முன்னாலயே கண்டுபிடிச்சிருந்தா எனக்கு அத்தன தடவ நீர்க்கடுப்பு வந்திருக்காதேன்னு.”

அன்றைக்கே உட்கார்ந்து ஆறு பக்கம் எழுதினேன். முறைகேடு எதுவும் இல்லை. மருந்து தாகத்தையும் சேர்த்து அடக்கிவிடுகிறது. பெண்கள் சிறுநீர் கழிக்க இடம் இல்லாததால் குடிப்பதில்லை. நடந்து ஐந்து நிமிடத்தில் போகிற தூரத்தில் கழிப்பறை கட்டாமல் இந்த மருந்தை இனி ஒருத்திக்கும் கொடுக்கக் கூடாது. கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் வினோதினி அதை நின்றபடியே படித்தாள்.

“இது எங்க யாருக்குமே தோணலையே சிஸ்டர்.”

“உங்களுக்குத் தோணாது டாக்டர். நீங்க மருந்தைச் சோதிச்ச இடத்துல பெண்களுக்கு எத்தனை கக்கூஸ் இருந்துச்சு?”

“ஒவ்வொரு மாடியிலயும் ரெண்டு...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

அவள் என் அறிக்கையை ஒரு எழுத்துக் குறைக்காமல் மேலே அனுப்பினாள். முறைகேடு என்ற வார்த்தை போயிற்று. பேச்சித்தாய்க்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் தொடர்ந்தது. அவள் அட்டையை ரத்து செய்தார்கள். மற்றவர்களுக்கு ஒரு மாதம் மருந்து நின்றது, வேலையும் நின்றது. அந்த ஒரு மாதமும் என் அறை வாசலில் தினம் நாலு பேர் வந்து நின்று, எப்போ சிஸ்டர் மருந்து வரும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் தண்ணீர் குடிப்பதை நேரில் கண்காணிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். கண்காணிக்க வேண்டியது நான்.

கக்கூஸுக்கு வருகிறேன். அளம் குத்தகை நிலமாம், நிரந்தரக் கட்டடம் கூடாதாம். சரி, தகரத்தில் போடுங்கள் என்று எழுதினேன். கழிவு இறங்கி உப்பில் கலந்துவிடும், உப்பு ஏற்றுமதி ஆகாது என்று பதில் வந்தது. சக்கரம் வைத்த கழிப்பறை வண்டி கேட்டேன். களிமண்ணில் வண்டி புதையும் என்று படத்தோடு பதில். ஒரு கடிதத்தில் மட்டும் கருத்தில் கொள்ளப்பட்டது என்று இருந்தது. அதை நம்பி மூன்று வாரம் காத்திருந்தேன். மாற்றலாகிப் போன ஒருவர் போட்ட கையெழுத்து அது.

நானே நாலு கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டினேன். இரண்டு நாள் இரண்டு பேர் போனார்கள். மூன்றாம் நாள் கடல்காற்று பாயைத் தூக்கிக்கொண்டு போயிற்று, உள்ளே இருந்தவளை எவனோ லாரியிலிருந்து படம் பிடித்துவிட்டான். அதன்பிறகு ஒருத்தியும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் முன்னால் நின்று குடிக்கச் சொன்னால் குடிப்பார்கள். நான் நாலு எட்டு வைத்ததும் துப்புவார்கள். கத்தினேன், கெஞ்சினேன், ஒரு நாள் ஒருத்தியின் தாடையைப் பிடித்துக்கூட ஊற்றினேன். வீட்டுக்கு வந்து கையைப் பார்த்து வெட்கப்பட்டேன்.

ஆவணி பிறந்த வாரம் டாக்டர் வினோதினி காரில் வந்து இறங்கினாள். பின்சீட்டில் அட்டைப்பெட்டி. அதைத் தானே தூக்கிவந்து என் மேசையில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“உங்க அறிக்கையை எல்லாரும் ரொம்பப் பாராட்டினாங்க, சிஸ்டர்.”

“கக்கூஸ் எப்போ டாக்டர்?”

அவள் பெட்டியைப் பிரித்தாள். உள்ளே நீல மூடி போட்ட குப்பிகள். “இது மூளையில சுரக்கிற ஒரு ஹார்மோன். தண்ணியை வெளியே விடாதேன்னு கிட்னிக்குச் சொல்ற ஹார்மோன். காலையில ஒரு தடவை அடிச்சா ஒன்பது மணி நேரத்துக்குச் சிறுநீர் வராது. போக வேண்டிய அவசியமே இல்லாததால தண்ணி குடிக்கப் பயப்பட மாட்டாங்கன்னு...”

“யார் சொன்னது?”

“நீங்கதான்னு எழுதியிருக்காங்க.” காகிதத்தை நீட்டினாள். களச் செவிலியர் திருமதி லில்லிபுஷ்பம் அவர்களின் கண்டறிதலின் அடிப்படையில் என்று தொடங்கியது. என் பெயரில் எழுத்துப்பிழைகூட இல்லை.

கடைசி வரியைப் படித்தேன். இந்த மருந்து எடுப்பவர்கள் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் அருந்தக் கூடாது.

“ஏன்?”

“அதுக்கு மேல போனா வெளியேற வழியில்லாம ரத்தத்துல உப்பு குறைஞ்சிடும். மூளை வீங்கும்.”

“முதல் மருந்துக்கு நாலு லிட்டர் குடிச்சே ஆகணும்.”

“ஆமா.”

“இதுக்கு ஒன்றரைக்கு மேல கூடாது.”

“ஆமா.”

“ரெண்டையும் போட்டா?”

“அதைப் பார்க்கத் தனியா ஒரு கமிட்டி போட்டிருக்காங்க, சிஸ்டர்.” பெட்டியை மூடினாள். “நான் வேண்டாம்னுதான் எழுதினேன். ரெண்டு தடவை எழுதினேன்.”

உப்பளத்தில் உப்பு குறைந்து சாகப்போகிறார்கள் என்று நான் சொன்னேன். அவள் காருக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு நாற்பத்தொரு பெண்களும் என் அறைக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். பெட்டியைத் திறக்காமல் வாசலில் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். இது என்ன மருந்து, ஏன் அனுப்பியிருக்கிறார்கள், போட்டால் என்ன ஆகலாம், ஒன்றையும் மறைக்கவில்லை. “யாரும் வாங்காதீங்க. எல்லாரும் சேந்து வேண்டாம்னு சொன்னா கக்கூஸ் கட்டித்தான் ஆகணும். நான் உங்க முன்னால நிக்கேன்.”

முதலில் நின்ற சந்தனமாரி கேட்டாள். “எழுதிப் போட்டது நீங்கதான சிஸ்டர்?”

“நான் கக்கூஸ் கேட்டேன், மாரி.”

“நாங்க பதினெட்டு வயசுல இருந்து கேக்கோம்” என்றாள். குரலில் கோபம் இல்லை. எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். “ஒண்ணும் வரல. நீங்க கேட்டதுக்கு இதாவது வந்திருக்கு. நீங்க நல்லா இருக்கணும்.”

கையை நீட்டினாள். மணி ஏழாகப் போகிறது என்று பின்னால் இருந்து ஒருத்தி சொன்னாள். நான் பெட்டியைத் திறந்து முதல் குப்பியை எடுத்து மாரியின் கையில் வைத்துவிட்டு, அடுத்து நின்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.